குழலுக்குள் இருந்தது

டாக்டர் பெர்னிஸ் கோவால்ஸ்கி என் துப்பாக்கியின் வாய்க்குள் விட்ட மரக்கோல் அடி வரைக்கும் போகவில்லை. கோலை விரலால் பிடித்து அடையாளம் வைத்துக்கொண்டு வெளியே எடுத்தார். குழலின் மேலேயே அதைப் படுக்க வைத்துப் பார்த்தார். குழல் முடிகிற இடத்துக்கு நாலு விரற்கடை முன்பாகவே கோல் நின்றுவிட்டது. இன்னொரு தடவை விட்டார். மறுபடியும் அதே இடம்.

"கொஞ்சம் எல்லாரும் இந்தப் பக்கம் வந்துடுங்க," என்றார். 'கொஞ்சமா வலிக்கும்' என்று பல வருடங்களாக எங்களிடம் சொன்ன அதே குரல். பள்ளத்தாக்கில் இருந்த ஒரே பல் டாக்டர் அவர். ஓய்வுபெற்ற பிறகு மனித வாய்களை விட்டுவிட்டுத் துப்பாக்கி வாய்களைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். அந்த அறையில் நின்றவர்களில் பாதிப் பேருடைய கடைவாய்ப் பற்கள் அவருக்கு மனப்பாடம்.

"எலி ஏதாவது கூடு கட்டியிருக்கும் டாக்டர்," என்றேன்.

"எலிக்கூடுன்னா கோல் மெத்துனு நிக்கும். இது டக்குனு நிக்குது. உள்ள ஈயம் இருக்கு ஹார்லன். ஈயத்துக்குப் பின்னாடி மருந்தும் இருக்கும்."

துப்பாக்கியைத் தூக்காமல், மேசையோடு சேர்த்தே மெதுவாகத் திருப்பி, தீயணைப்பு நிலையத்தின் மூலையில் இருந்த மணல்தொட்டியைக் குழல் பார்க்கும்படி வைத்தார். அதுவரை அது யாரைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் கவனித்தேன். சுவரோரம் தட்டில் பாட்பை என்கிற இறைச்சிக் குழம்பை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்ற ஜனங்களை.

என் தொழிலைச் சொன்னால்தான் நான் நின்ற நிலை புரியும். நான் வீடு வீடாகப் போய்த் தோட்டத்துத் தொட்டிகளில் சமையல் கேஸ் நிரப்புகிறவன். பென்சில்வேனியாவின் இந்த மலை இடுக்குகளில் நான் ஏறாத வீட்டுப் பாதை கிடையாது. வாசலில் யாராவது சிகரெட்டோடு நின்றால் வண்டியிலிருந்து குழாயை இறக்க மாட்டேன். இணைப்பு ஒவ்வொன்றுக்கும் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பேன். ஒரு தடவை ஒரு பாதிரியாரின் பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றவிடாமல் நிறுத்தியிருக்கிறேன். என் மகள் எனக்கு வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி. அப்படிப்பட்டவன் வீட்டு நடுக்கூடத்தில், சோபாவுக்கு மேலே, மருந்து கெட்டித்த துப்பாக்கி ஒன்று பதினோரு வருடமாகத் தொங்கியிருக்கிறது. அதற்கு முன்னால் அப்பா வீட்டில், கணப்படுப்புக்கு மேலே, எத்தனை வருடமோ.

அது எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா காலத்துத் துப்பாக்கி. ஆள் உயரம். நெளி நெளியாக ரேகை ஓடும் மேப்பிள் மரக்கட்டை, அதன் பக்கவாட்டில் பூ வடிவத்தில் ஒரு பித்தளை மூடி. வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைத் துணியில் சுற்றி, கோலால் இடித்துக் கெட்டிக்கிற வகை. பின்பக்கம் ஒரு சின்ன முளை உண்டு. அதன் தலையில் 'கேப்' என்கிற சின்ன வெடிமூடியைச் செருகி, சுத்தியல்போல் இருக்கும் குதிரையைப் பின்னுக்கு இழுத்து விசையைத் தட்டினால், குதிரை கேப்பை அடிக்கும், பொறி முளையின் துளை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும். எல்லாம் எனக்குத் தெரியும். சுட்டவர்கள் யாரையும்தான் தெரியாது. காலித் துப்பாக்கி என்று அப்பா சொன்னார். அவருக்கு அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார். அவருக்கு யாரோ. எங்கள் குடும்பத்தில் நிலம் கைமாறிய மாதிரி அந்தச் சொல்லும் கைமாறி வந்தது. ஒருவரும் கோல் விட்டுப் பார்க்கவில்லை.

பழந்துப்பாக்கிச் சங்கத்தில் சேரும் எண்ணமே எனக்கு இருந்ததில்லை. எங்கள் கேஸ் கம்பெனியில் வண்டிகளுக்கு வழி பிரித்துக் கொடுக்கும் எர்ல்தான் இரண்டு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். பழந்துப்பாக்கி சேகரிக்கிறவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் கூடுவார்கள், வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு மேசைகளைப் போடுவார்கள், நீயும் வா என்பான்.

"சேர்ந்தா என்ன கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"பாட்பை கிடைக்கும். பன்னித்தொட போட்டது. சதுரமா மாவு வெட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டிருப்பாங்க, உன் வீட்ல அத யாரு செய்யறா இப்போ?"

"அது சர்ச்லயும்தான் போடறாங்க."

"சர்ச்ல நீ பேச முடியாது, பாதிரியார்தான் பேசுவாரு. இங்க நீ பேசினா முப்பது பேரு கேப்பாங்க."

"நான் என்ன பேசப் போறேன்?"

"அதத்தான்யா சொல்றேன். நீ வாயத் திறந்து பாத்தது டாக்டரம்மா ஒருத்திதான்."

கடைசியில் என்னைச் சேர்த்துவிட்டது எர்ல் இல்லை, என் மனைவி மேவிஸ். கோடையில் கேஸ் வேலை குறைவு. வீட்டில் இருக்கிற நாட்களில் நான் சமையலறை அலமாரிகளை ஒழுங்குபடுத்துவது வழக்கம். உப்பு ஜாடியை இடம் மாற்றிய அன்று, "நீ அந்தத் துப்பாக்கிய எடுத்துக்கிட்டு எங்கயாவது போ ஹார்லன். தயவு செஞ்சு போ," என்றாள். அப்படியும் இலையுதிர் காலம் வரை தள்ளிப்போட்டேன்.

சங்கத்தில் ஒரு கட்டாயம் உண்டு. எந்தத் துப்பாக்கியும் மேசையில் காட்சிக்கு ஏறும் முன் டாக்டர் அதன் வாய்க்குள் கோல் விட்டுப் பார்த்தாக வேண்டும். தலைவருடையதாக இருந்தாலும் சரி, ஆண்டாண்டாகப் பார்த்துப் பழகியதாக இருந்தாலும் சரி. அன்று காலை என் முறை வந்தபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. எங்கள் வீட்டுப் பொருளை நாங்கள் அறிய மாட்டோமா என்று.

குண்டை வெளியே எடுக்க மதியம் வரை ஆனது. தவறிப்போய்ப் பொறி கிளம்பாதபடி குதிரையையும் முளையையும் நனைத்தார்கள். எர்ல் துப்பாக்கியைப் பட்டறைப் பிடியில் வைத்து முறுக்கினான். நுனியில் திருகாணி வைத்த ஒரு கோலை டாக்டர் குழலுக்குள் விட்டு, பக்கவாட்டில் ஒதுங்கி நின்றுகொண்டு, அவசரமே இல்லாமல் திருகினார். வாய்க்கு நேரே தன் உடம்பின் எந்தப் பகுதியும் வராமல் பார்த்துக்கொண்டார்.  ஹாலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். பிறகு அவர் இழுக்க ஆரம்பித்தார். பல் பிடுங்குகிறவர்கள் இழுக்கிற மாதிரிதான், வெடுக்கென்று இல்லாமல், ஆட்டி ஆட்டி. ஒரு நேரத்தில் அது விட்டுக்கொடுத்தது.

சுண்டைக்காய் அளவு ஈயக் குண்டு, மேலே சாம்பல் பூத்து. அதைச் சுற்றியிருந்த துணி இன்னும் துணியாகவே இருந்தது. தலையணை உறையிலிருந்து வெட்டியது. நீலக் கோடுகள் தெரிந்தன. என் குடும்பத்தில் எந்தப் பெண்ணோ ஒருத்தியின் கத்தரிக்கோல் அந்தத் துண்டை வெட்டியிருக்கிறது. டாக்டர் குழலைச் சாய்த்துத் தட்டினார். பீங்கான் தட்டில் கடுகுபோலக் கருப்பாக, உலர்ந்த மருந்து கொட்டியது. ஒரு உள்ளங்கை நிறைய.

"இவ்வளவு காலம் கழிச்சு இது என்ன பண்ணிடப் போகுது?" என்று யாரோ கேட்டார்கள்.

 டாக்டர் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். சிமெண்டுத் தரையில் வைத்து, நீளக் காம்பு வைத்த அடுப்புப் பற்றவைப்பானால் தொட்டார். புஸ் என்று ஒரு ஆரஞ்சு நிறச் சுடர் முழங்கால் உயரத்துக்கு எழுந்து, வெள்ளைப் புகையாகி, எங்கள் முகங்கள் மேலேயே வந்து படிந்தது. அழுகிய முட்டை வாடை. நேற்று வாங்கிய மருந்துபோல் எரிந்தது.

உள்ளே வந்து முளையைக் கழற்றினார்கள். அதன் துளைக்குள் ஊசி நுழையவில்லை. டாக்டர் தன் பழைய கருவி ஒன்றால் சுரண்டினார். தேன் நிறத்தில், கெட்டியாக, சிறு சிறு செதிலாக வந்தது.

"எண்ணெய்," என்றார். "காஞ்சு காஞ்சு அரக்காயிருக்கு. பொறி உள்ள போக வழியே இல்ல. சொத்தப் பல்லுக்கு நான் அடைக்கறத விட நல்லா அடைச்சிருக்கு. யாரு இவ்வளவு எண்ணெய் போட்டது?"

அப்பாதான். மான் வேட்டை சீசன் தொடங்கும் முன் ஒவ்வொரு வருடமும் அதைக் கீழே இறக்கி, சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, எண்ணெய் முழுக்காட்டுவார். மேசை விரிப்பு, நாற்காலி, அவர் சட்டை எல்லாவற்றிலும் எண்ணெய். "அதுல பாதிய அந்தக் கதவுக் கீலுக்குப் போட்டா நான் நிம்மதியா தூங்குவேன்," என்பாள் அம்மா. கதவு கடைசி வரை கிறீச்சிட்டுக்கொண்டுதான் இருந்தது.

நான் போய் வெளியே நின்ற தீயணைப்பு வண்டியின் படியில் உட்கார்ந்துகொண்டேன். எர்ல் பக்கத்தில் வந்து நின்றான். காப்பியை நீட்டினான்.

எனக்கு ஏழு வயது இருக்கும். என் அக்கா ட்ரூடிக்கு ஒன்பது. அப்பாவும் அம்மாவும் தொழுவத்தில் இருந்தார்கள். ட்ரூடி நாற்காலி போட்டு ஏறித் துப்பாக்கியை இறக்கினாள். எங்களிடம் பொம்மைத் துப்பாக்கிக்கு வாங்கிய சிவப்புச் சுருள் கேப் இருந்தது. அதில் ஒரு பொட்டைக் கிழித்து எச்சில் தொட்டு முளையின் தலையில் ஒட்டினாள். நான்தான் மான். கம்பளத்தில் நாலு காலில் நின்றேன். அவள் குழலை என் நெற்றியில் வைத்தாள். வட்டமாக ஒரு குளிர்ச்சி, இப்போதும் தொட்டுக் காட்டுவேன் அந்த இடத்தை. டப் என்று கேப் வெடித்தது. நான் செத்து விழுந்தேன். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து மேவிஸிடம் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரை கேட்டாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு குளிர்சாதனப் பெட்டியிடம் போனாள். அதன் கதவில் போன வருட நன்றித் திருநாளில் எடுத்த படம் ஒட்டியிருந்தது. எங்கள் பேத்தி ஹேசல் துப்பாக்கியை நட்டமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். துப்பாக்கி அவளைவிட உயரம் என்பதால், நான்தான் அதைச் சற்றுச் சாய்த்து, அதன் வாய்மேல் அவள் முகவாயை ஊன்றிக்கொள்ளச் சொன்னேன். நன்றாக வந்த படம். மேவிஸ் அதைக் கழற்றினாள், கிழிக்கவில்லை, மேசை இழுப்பறையில் கவிழ்த்துப் போட்டு மூடினாள். மூடிய இழுப்பறையைக் கொஞ்ச நேரம் கையால் அழுத்திக்கொண்டே நின்றாள்.

"ட்ரூடிகிட்ட சொல்லணும்," என்றேன்.

"எதுக்கு?"

ட்ரூடியோடு எனக்குப் பேச்சுவார்த்தை நின்று பதினோரு வருடம். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது துப்பாக்கியை என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அறையில் வேறு யாரும் இல்லை. அப்பாவோடு காட்டுக்குப் போனவள் ட்ரூடி, மான் அடித்தவள் ட்ரூடி. நான் காட்டுக்குப் போனால் சாண்ட்விச்சைத் தின்றுவிட்டுத் தூங்குகிறவன். ஆகவே நான் சொன்னதை அவள் நம்பவில்லை. அடக்கம் முடிந்து வந்து வெறும் சுவரைப் பார்த்தவள், என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். திருடன் என்பது அந்த வார்த்தை. அதற்குப் பிறகு அவள் வீட்டு கேஸ் தொட்டியை நிரப்ப வேறு ஆள் போகும்படி எர்ல் வழியை மாற்றிக் கொடுத்தான்.

"அது அவளுக்குத் தெரிய வேண்டாமா?" என்றேன். "கசிவு இருந்ததுன்னா, அது தானா அடைச்சிக்கிட்டிருந்தாக்கூட வீட்டுக்காரங்ககிட்ட சொல்லணும். அதுதான் முறை."

"இது கேஸ் இல்ல ஹார்லன். அம்பது வருஷம் கழிச்சு, 'நீ உன் தம்பிய சுட்டே, ஏதோ தெய்வாதீனமா அவன் சாகல'ன்னு ஒரு பொம்பளகிட்ட போய்ச் சொல்லி, அவ அத வச்சிக்கிட்டு என்ன செய்யணும்? நீ போய் வாசல்ல நின்னு, பெரிய மனுஷனா மன்னிச்சேன்னு சொல்லணும். அதானே?"

அப்படி இல்லை என்று சொன்னேன். ஆனால் வண்டி ஓட்டும்போது, மன்னிப்பை எந்த வாக்கியத்தில் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். நல்ல வாக்கியமாக ஒன்று அமைந்தும் இருந்தது.

ட்ரூடியின் வீடு மலைச் சரிவில் கடைசி வீடு. மான் சீசனுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. மான் மோப்பம் பிடிக்காதபடி சோப்பு வாசனை போவதற்காக வேட்டைத் துணிகளை வெளியே கொடியில் காயப்போட்டிருந்தாள். ஆரஞ்சு நிறச் சட்டை, ஆரஞ்சு நிறத் தொப்பி, தடித்த கம்பளிக் காலுறைகள். நாய் குரைத்தது. அவள் வாயில் துணிக்கவ்வியோடு திரும்பிப் பார்த்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

கவ்வியை வாயிலிருந்து எடுத்தாள். "கேஸ் வேணும்னு நான் போன் பண்ணலையே."

"கேஸ் கொண்டு வரல."

"தெரியுது. வண்டி சின்னதா இருக்கு."

நான் நின்ற இடத்திலிருந்தே சொன்னேன். கோல் நின்றதிலிருந்து மருந்து எரிந்தது வரை. நடுவில் அவள் மறுபடியும் துணி மாட்டத் தொடங்கினாள். ஒரே காலுறையை மூன்று கவ்விகள் போட்டு மாட்டினாள். சொல்லி முடித்ததும் கேட்டாள்.

"எவ்வளவு மருந்து இருந்துச்சு?"

உள்ளங்கையைக் குவித்துக் காட்டினேன்.

"மானுக்கு அது தாராளம்," என்றாள்.

இதுதான் நேரம் என்று எனக்குப் பட்டது. "நீ ஒண்ணும் வருத்தப்படாத ட்ரூடி. சின்னப் பசங்க நாம. எனக்கு உன்மேல ஒண்ணும் கிடையாது. நான் அத மனசுல வச்சிக்கல."

"எத?"

"நீ என்ன சுட்டத."

அவள் கொடியை விட்டுவிட்டு என் பக்கமாக முழுதாகத் திரும்பினாள். "நான் மட்டுமா சுட்டேன்?"

எனக்குப் புரியவில்லை.

"டேய், முறை வச்சில்ல விளையாடினோம். மொதல்ல நான்தான் மான். நீ எப்பவும் மொதல்ல சுடணும்னு அழுவ, அதனால மொத மான் எப்பவும் நான்தான். அம்மாவோட மரக்கரண்டி ரெண்ட எடுத்து ரிப்பனால என் தலையில கட்டிவிட்டியே, கொம்புன்னு. காது வலிக்குதுன்னு சொல்லச் சொல்ல இறுக்கினியே. அது மறந்துபோச்சா?"

மறந்துபோகவில்லை. இருந்திருக்கிறது. அவள் சொன்னதும் வந்துவிட்டது. பச்சை ரிப்பன். துப்பாக்கியின் கனத்தைத் தாங்க முடியாமல் சோபாவின் கைப்பிடியில் அதைச் சாத்தி வைத்துக்கொண்டேன். குறி பார்க்கும் வெட்டின் நடுவே இரண்டு மரக்கரண்டிகள், அவற்றின் கீழே சிரிப்பை அடக்கிக்கொண்டு உப்பிய கன்னங்களோடு அக்காவின் முகம். இரண்டு கரண்டிக்கும் நடுவில் வைத்தேன். அசையாதே என்று அதட்டினேன். அவள் அசையவில்லை.

நிலவறைக் கதவின் சாய்வுப் பலகைமேல் உட்கார்ந்துவிட்டேன். வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஏறக்குறைய என் வயது முழுக்க, நெற்றியில் குளிர்ச்சி பட்டவன் நான் ஒருவன் என்றுதான் இருந்திருக்கிறேன். நாய் வந்து என் பூட்ஸை முகர்ந்தது.

"எழுந்து உள்ள வா," என்றாள் ட்ரூடி. "பலக ஈரமா இருக்கு. நாய் கடிக்காது. உன்ன மாதிரிதான் அது, சத்தம் மட்டும்தான்."

சமையலறை மாறவே இல்லை, அவள் கணவனின் நாற்காலி மட்டும் சுவரோரம் போயிருந்தது. அவன் இறந்தபோது நான் பூ அனுப்பினேன், போகவில்லை. காப்பி ஊற்றினாள். ஆப்பிள் பழக்கூழ் தடவிய ரொட்டியைக் கேட்காமலேயே முன்னால் வைத்தாள். நான் தின்று முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். அப்பா நெஜமாவே உன்கிட்ட சொன்னாரா?"

"சத்தியமா சொன்னார்."

"என்ன சொன்னார்? அவர் சொன்ன வார்த்தய அப்படியே சொல்லு."

பதினோரு வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. மேவிஸ்கூட. "'அந்தச் சுவர் ஈரமாகுது. துப்பாக்கிய நீ எடுத்துட்டுப் போயிடு'ன்னார்."

ட்ரூடி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு அவள் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாள் என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "இதுவாடா அவர் உனக்குக் குடுத்தது? சுவர் காயற வரைக்கும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்காரு மனுஷன்."

"எடுத்துக்கோன்னுதான் அர்த்தம்."

"எடுத்துட்டுப் போன்னா எடுத்துக்கோன்னு அர்த்தமா?"

"நீ அங்க இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். அவர் என் கையப் பிடிச்சிக்கிட்டுச் சொன்னார்."

"அவருக்கு அப்போ நர்ஸ் கையையும் பிடிக்கிற பழக்கம் இருந்துச்சு."

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் திரும்பி வரும் வழியில் எனக்கே அது தெளிவாக இல்லை. அப்பாவின் கை சூடாக இருந்தது நினைவிருக்கிறது. அவர் சொன்ன வார்த்தைகள் நினைவிருக்கின்றன. அவற்றுக்கு இடையில் இருந்ததை நான்தான் நிரப்பியிருக்கிறேனோ என்னவோ. கிளம்பும்போது, டிசம்பர் கூட்டத்துக்கு வருகிறாயா என்று கேட்டேன். அங்கே என்ன இருக்கிறது என்றாள். எனக்கு எர்ல் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன். பாட்பை போடுவார்கள், நீ பேசினால் முப்பது பேர் கேட்பார்கள் என்று.

"நான் பேசினா நூறு பேருக்குக் கேக்கும்," என்றாள்.

இப்போது யாராவது என்னிடம் சங்கத்தில் சேர்ந்தால் என்ன லாபம் என்று கேட்டால், நான் தயங்குவதே இல்லை. கேஸ் நிரப்பப் போகிற வீடுகளில் நானே ஆரம்பிக்கிறேன். சுவரில் பழையது ஏதாவது மாட்டியிருந்தால், கோல் விட்டுப் பார்த்தீர்களா என்று கேட்கிறேன். காலிதான், தாத்தா சொன்னார் என்பார்கள். எனக்கும் சொன்னார்கள் என்பேன். நவம்பர் கடைசிக்குள் இரண்டு வீட்டுக்காரர்களை டாக்டரிடம் அனுப்பினேன். ஒன்று காலி. இன்னொன்று காலி இல்லை. அந்த வீட்டு விதவை அன்றிலிருந்து எங்கள் சங்கத்துக்குப் பிளம் கேக் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். இதெல்லாம் எந்த விளம்பரத் தாளிலும் எழுத முடியாத லாபம். எர்ல் எனக்கு வாய் முளைத்துவிட்டது என்கிறான்.

டிசம்பர் கூட்டத்தன்று காலையிலிருந்தே பனி தூவிக்கொண்டிருந்தது. ட்ரூடி வந்தாள். சீசனின் முதல் நாளே கொம்புள்ள மான் ஒன்றை அடித்திருந்தாள், அதன் இறைச்சியில் செய்த சாசேஜ் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள். அதை மேசையில் வைப்பதற்குள் டாக்டர் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த இடது கடைவாய் எப்படி இருக்கு? நான் சொன்ன மாதிரி பல்லுக்குமேல உறை போட்டியா இல்லையா?"

"போட்டேன் டாக்டர்."

"பொய். பேசறப்பவே வாய் ஒரு பக்கமா போகுது."

எங்கள் துப்பாக்கி நடு மேசையில் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மரக்கட்டை ஒரு பக்கம். குழல் தனியாக ஒரு பக்கம். உட்புறத்தைச் சுத்தம் செய்வதற்காக டாக்டர் குழலின் அடியடைப்பையும் திருகி எடுத்திருந்தார். இரண்டு பக்கமும் திறந்த வெறும் இரும்புக் குழாயாக அது கிடந்தது. சின்னக் கிண்ணத்தில் அந்தக் குண்டும் நீலக்கோட்டுத் துணியும்.

எர்ல் காட்சி அட்டையும் பேனாவுமாக வந்து நின்றான். "சொந்தக்காரர்னு ஒரு பேரு போடணும். யாரு பேரப் போடறது?"

நான் ட்ரூடியைப் பார்த்தேன். ட்ரூடி என்னைப் பார்த்தாள்.

"மொதல்ல மத்ததெல்லாம் எழுது," என்றேன்.

"மத்ததெல்லாம் எழுதியாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

"அப்போ போய் பாட்பை சாப்பிட்டு வா," என்றாள் ட்ரூடி.

அவன் தலையை ஆட்டிக்கொண்டே போனான். ட்ரூடி குழலின் ஒரு முனையைத் தூக்கினாள். கனம் அதிகம் என்பதால் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக உயர்த்தி, அவள் தன் பக்கத்து ஓட்டையில் ஒரு கண்ணை வைத்தாள்.

"ஒண்ணும் தெரியல. உன் சட்டதான் தெரியுது, நகரு."

நான் நகரவில்லை. குனிந்து என் பக்கத்து ஓட்டையில் கண்ணை வைத்தேன். உள்ளே இரும்பு பளபளவென்று இருந்தது. குண்டைச் சுழற்றி அனுப்புவதற்காக யாரோ கையால் வெட்டிய வரிகள், கூந்தலைப் பின்னியதுபோல் மெதுவாக முறுக்கிக்கொண்டு தூரத்தில் சிறுத்துக்கொண்டே போயின. அவை முடிகிற இடத்தில் ஒரு பொத்தான் அளவு வெளிச்சம். அந்த வெளிச்சம் திடீரென்று மறைந்தது. அங்கே பழுப்பு நிறத்தில், ஓரம் கொஞ்சம் சிவந்து, ஒரு கண் வந்து நின்றது.

"கண்ணுல பீளை இருக்கு உனக்கு," என்றது குழல் வழியாக அவள் குரல். இரும்புக்குள் புகுந்து வந்ததால் அது ஒன்பது வயதுக் குரல்போல் ஒல்லியாக இருந்தது.

நான் கண்ணைத் துடைக்கவில்லை. எடுத்தால் அவளும் எடுத்துவிடுவாள் என்று தோன்றியது. எங்களுக்குப் பின்னால் ஹாலில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள், தட்டுகள் மோதின, டாக்டர் யாரையோ வாயைத் திற என்றார். அந்த நீண்ட முறுக்கு வரிகளின் மறுகோடியில் அந்தக் கண் ஒரு தடவை இமைத்தது. இமைத்துவிட்டு, அங்கேயே இருந்தது.